வீரத்தை 72-ஆல் வகுத்தால்

“தம்பி, இது பறக்குமா?”

பெல்மதுளையில் என் மேசையைக் கடந்து போகிற எவரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மேசை மேல் 44 சென்டிமீட்டர் இறக்கையோடு ஒரு கேட்டலினா கடல் விமானம் பசை காய்ந்துகொண்டு நிற்கும். மூன்று வாரம் ராத்திரி கண் முழித்து ஒட்டியது. “பறக்காது” என்று சொன்னதும் கேட்டவர் ஒரு பார்வை பார்ப்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டொக்டர் நம்மை நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை.

பக்கத்து வீட்டு மாமா மட்டும் பார்வையோடு விடமாட்டார். அவர் இருபது வருசமாக மாணிக்கக் கல்லுக்குழியில் பங்குக்காரர். “பறக்காத பிளேனுக்கு என்னாத்துக்கு தம்பி இம்புட்டு பாடு?” என்று உட்கார்ந்து விசாரிப்பார். இருபது வருசமாக மண்ணைத் தோண்டி, அலசி, திரும்ப மூடி வைத்தவர் கேட்கிற கேள்வியா இது!

அவருக்கு நான் சொல்லாமல் விட்ட ரகசியத்தை உங்களுக்குச் சொல்கிறேன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை ஊரே ஒட்டுகிறது. எனக்குப் பிடித்தவை, கல்யாண வீட்டு மூலையில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரியான விமானங்கள். அவற்றில் பாதி, அசலிலேயே ஒழுங்காகப் பறக்காதவை. ஆகவே என் மாடல்கள் பறக்காமல் இருப்பது குறையல்ல, துல்லியம்!

எங்கள் உலகத்தில் 1/72 என்பது வேதவாக்கு. அசலில் ஆறடி இருந்தால் மாடலில் ஓர் அங்குலம். பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மாடல்கள் 1930-களில் தொடங்கி வைத்த கணக்கு இது. இதன் அழகைப் பாருங்கள். மீசை, மெடல், தொப்பி சகிதம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஆறடி எயார் மார்ஷல், என் மேசைக்கு வந்ததும் ஒரு தேயிலைக் கொழுந்து அளவுக்குச் சுருங்கிவிடுவார். ஒரு படைப்பிரிவையே கூடையில் போட்டு மடுவத்துக்குக் கொண்டுபோகலாம். நிறுக்கிற ஐயா அதிலும் இரண்டு கிலோ கழிப்பார்.

பெல்மதுளைக்காரனுக்கு இந்தச் சுருக்கம் புதுசு இல்லை. 1912-இல் இரத்தினபுரிக்கு ரயில் வந்தது. பிறகு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓபநாயக்க வரைக்கும் போனது. மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு ஐந்தரை அடி அகலப் பாதை போட்ட வெள்ளைக்காரன், எங்களுக்கு இரண்டரை அடியில் முடித்துக்கொண்டான். எங்கள் ஊருக்கு வந்த ரயிலே ஒரு ஸ்கேல் மாடல்தான்! அதையும் பிறகு கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

சரி, பெரிய மனிதர்களை வரிசையாக நிறுத்தி 72-ஆல் வகுப்போம். முதல் ஆள் நம்ம நாட்டுக்காரர். பெயர் இராவணன்.

புஷ்பக விமானத்தைத்தான் உலகின் மிகப் பழைய வின்டேஜ் விமானம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அதன் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். செய்தது விசுவகர்மா, சொந்தக்காரர் குபேரன். அண்ணனிடமிருந்து தம்பி அடித்துப் பிடுங்கியது. அதாவது செகண்ட் ஹேண்ட், பேர் மாற்றவும் இல்லை. எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் இடம் இருக்குமாம். இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பெல்மதுளை டவுனில் கொழும்பு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு” என்று கண்டக்டர் கத்துவது புஷ்பக விமானத்தின் அதே தொழில்நுட்பம்தான்.

இன்னொரு சங்கதி. சீதையைத் தூக்கிக்கொண்டு இராவணன் வந்தது வேறு வாகனத்தில், ஒரு பறக்கும் தேரில். ஜடாயு குறுக்கே வந்து அதை அடித்து நொறுக்கினார். விமானப் போக்குவரத்துச் சரித்திரத்தின் முதல் ‘பேர்ட் ஸ்ட்ரைக்’ இது. இன்றைக்கென்றால் கறுப்புப் பெட்டியைத் தேடுவார்கள். அன்றைக்கு ராமரும் லட்சுமணரும் வந்து, பறவையிடமே வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள், அரசாங்கமே சிரிக்கவில்லை. 2020-இல் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, இராவணனைப் பற்றி நூல், ஆவணம் ஏதும் இருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரமே போட்டது. அதற்கு முந்தின வருசம் இலங்கையின் முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அதன் பெயர் ராவணா-1, எடை சுமார் ஒரு கிலோ. பத்துத் தலை, இருபது கை, ஒரு கிலோ. எங்களைவிட மோசமாக யாரோ வகுத்திருக்கிறார்கள்!

இந்தியப் பக்கமும் சளைக்கவில்லை. வைமானிக சாஸ்திரம் என்று ஒரு நூல். பரத்வாஜ முனிவர் அருளியது என்று சொல்லி, 1918 முதல் 1923 வரை சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச் சொல்ல எழுதியது. அதற்குப் படம் போட்டவர் எல்லப்பா என்ற பெங்களூர் டிராஃப்ட்ஸ்மேன். 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்து ஆட்கள் ஐந்து பேர் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, இவற்றில் ஒன்றுகூடப் பறக்காது என்று அறிவித்தார்கள். பறக்காது என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுக்குக் கோபுரம் மாதிரி இருக்கும் அந்த ருக்ம விமானத்தை மேசையில் வைத்தால், வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். யாரும் பறக்குமா என்று கேட்கமாட்டார்கள்.

புராணத்தை விட்டுவிட்டு சென்னைக்கு வருவோம். 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டேஞ்சலிஸ் என்ற கோர்சிக்காக்காரருக்கு அந்தச் செய்தி தலைக்கேறிவிட்டது. உங்கள் தெருமுனை ஹோட்டல் முதலாளி கொத்து ரொட்டி போடுவதை நிறுத்திவிட்டு ராக்கெட் செய்யப் போகிறேன் என்றால் என்ன செய்வீர்கள்? பாக்கிக் கணக்கை உடனே முடித்துக்கொள்வீர்கள்.

டேஞ்சலிஸோ முடித்துக் காட்டினார். தானே வரைந்த விமானத்தை, கோச் வண்டி கட்டுகிற சிம்ப்சன் கம்பனியிடம் கொடுத்துக் கட்ட வைத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்தார். அலகாபாத்தில் ஆன்றி பெக்கே தபால் மூட்டையோடு ஆற்றைத் தாண்டிப் பறந்ததை எல்லோரும் கொண்டாடுகிறார்களே, அதற்குப் பதினோரு மாதம் முந்தி! அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? கட்டணம் வைத்து ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார். ஹோட்டல்காரர் அல்லவா, வானத்துக்கும் பில் போட்டுவிட்டார்.

மெட்ராஸ் ஹோட்டல்காரருக்கு இருந்த அடக்கம் இத்தாலிக்காரருக்கு இல்லை. ஜியான்னி கப்ரோனி என்ற மேதை, நூறு பயணிகளை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதற்கு ஒரு விமானம் கட்டினார். மூன்று அடுக்காக மூன்று தொகுதி, மொத்தம் ஒன்பது இறக்கை, எட்டு எஞ்சின். தூரத்திலிருந்து பார்த்தால் படகு வீட்டின் மேல் சன்னல் திரைகளைக் காயப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு கணக்கப்பிள்ளை கத்தினால் பத்துக் கிலோ கொழுந்து வரும், ஒன்பது கணக்கப்பிள்ளை கத்தினால் தொண்ணூறு கிலோ வரும் என்று நம்பிய துரைமாரை எங்களுக்குத் தெரியும். கப்ரோனியின் கணக்கும் அதேதான். 1921 மார்ச் 4-ஆம் திகதி மஜ்ஜோரே ஏரியில் எழும்பியது, மூக்கைக் குத்தியது, உடைந்தது. ஒன்பது இறக்கைக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்.

ஹவர்ட் ஹியூஸ் என்ற அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். இறக்கை 97 மீட்டருக்கும் மேல். மரத்தாலான பறக்கும் படகு. 1947 நவம்பர் 2-ஆம் திகதி தண்ணீருக்குச் சற்று மேலே சுமார் ஒரு மைல் தூரம் பறந்தது. பிறகு ஒருநாளும் பறக்கவில்லை. இதை 1/72-இல் செய்தாலும் இறக்கை நாலரை அடி வரும். நான் வளர்ந்த தோட்டத்து லயத்துக் காம்பராவின் அகலமே பத்தடி. நாங்கள் ஆறு பேர் அதில் படுத்தோம். ஹியூஸ் வந்திருந்தால் இரண்டு பேர் இஸ்தோப்பில்தான் படுத்திருக்க வேண்டும்.

விமானம் கட்டினவர்கள்தான் இப்படி, அவற்றுக்கு மாடல் கிட் செய்தவர்களாவது தெளிவாக இருந்தார்களா என்று பார்த்தால், அடடா!

பிரிட்டனில் ஃப்ரொக் என்று ஒரு கம்பனி. தவளை என்று நினைக்காதீர்கள், ‘தரையிலிருந்து நேரே எழும்பிப் பறக்கும்’ என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கம் அது. பறக்கும் பொம்மைகளை விற்றவர்கள் 1936-இல் பறக்காத பிளாஸ்டிக் கிட்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? பறக்காத பறவை எது? பென்குவின்! பெட்டி மேலேயே உண்மையைச் சொல்லி விற்ற ஒரே கம்பனி அதுவாகத்தான் இருக்கும்.

எயார்ஃபிக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் விமானத்தை ஒட்டுகிற பசை ஞாபகம் வருகிறதல்லவா? வரக்கூடாது. 1939-இல் ஹங்கேரிக்காரர் நிக்கலஸ் கோவ் அதைத் தொடங்கியது காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்வதற்கு. பிறகு சீப்பு செய்தார்கள். பிறகு ஒரு டிராக்டர், அப்புறம் ஒரு பாய்மரக் கப்பல். அதற்கும் பிறகுதான் ஸ்பிட்ஃபயர். உலகத்துப் பையன்களின் ஆகாயக் கனவெல்லாம் ஒரு சீப்புக் கம்பனியிலிருந்து கிளம்பியது. இன்றைக்கு அந்தப் பையன்கள் பலருக்குச் சீப்புத் தேவைப்படுவதில்லை.

1942-இல் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு பிரச்சினை. வானத்தில் வருவது நம்ம விமானமா எதிரி விமானமா என்று சிப்பாய்களுக்கு அடையாளம் தெரியவில்லை. உடனே உலகத்தின் பலம் பொருந்திய அந்த நாடு என்ன செய்தது? பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மரத்தில் விமானம் செதுக்கித் தரச் சொன்னது. கேட்ட எண்ணிக்கை ஐந்து லட்சம். அளவு? நம்ம 1/72! போர்க்கப்பலில் பீரங்கியோடு நின்ற சிப்பாயின் அறிவு, எட்டாம் வகுப்புப் பையனின் ஹோம்வொர்க்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃப்ரொக் கம்பனி 1970-களில் நொடித்தபோது அதன் அச்சுகள் சோவியத் யூனியனுக்குப் போயின. ஆனால் ஜெர்மன், ஜப்பான் விமானங்களின் அச்சுகளை மட்டும் அவர்கள் தொடமாட்டோம் என்றார்கள். போர் முடிந்து முப்பது வருசம் ஆகியும், ஐந்தங்குல மெசர்ஷ்மிட்டுக்கு மொஸ்கோவில் விசா கிடைக்கவில்லை.

இப்போது கொஞ்சம் என் மேசைக்கு வாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், தும்மினால் இரண்டு வாரம் போச்சு.

ஸோர்ட்ஃபிஷ் என்ற இரட்டை இறக்கை விமானம். இறக்கைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். உறுப்புகளைக் கழற்றிய பின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை நாங்கள் ஸ்ப்ரூ என்போம். அதில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடரில் காட்டி, பளபளத்து இளகுகிற நொடியில் இரு பக்கமும் இழுத்தால், தலைமயிர் மாதிரி நூல் வரும். ஒரு நொடி முந்தினால் ஒடியும், பிந்தினால் மெழுகுதிரிக்கே நைவேத்தியம். பத்து முறை இழுத்து ஒன்று தேறும். அதை அளவாக வெட்டி, ஊசிமுனைப் பசையில் தொட்டு, கல் எடுக்கும் இடுக்கியால் வைக்க வேண்டும். வைக்கும்போது சரியாக, பக்கத்து லயத்தில் யாராவது பெரிய ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள்.

விமானியின் கண்ணாடிக் கூண்டில் பெயின்ட் படாமலிருக்க வெளிநாட்டில் குட்டிப் போத்தலில் ஒரு திரவம் விற்கிறார்கள். பூசி, காயவைத்து, பெயின்ட் அடித்த பிறகு உரித்துவிடலாம். எங்கேயோ வாடை வந்த மாதிரி இருக்கிறதே என்று முகர்ந்து பார்த்தால், அடப்பாவி, ரப்பர் பால்! என் அம்மா விடியற்காலையில் மரம் மரமாக வெட்டிச் சிரட்டையில் சேர்த்த அதே சாமான், கப்பல் ஏறிப் போய் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு டொலர் விலையில் திரும்பி வந்திருக்கிறது. இப்போது பால் வெட்டப் போகும் அக்காவிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். “பிளேனுக்கா?” என்று கேட்டுவிட்டு அவர் பார்ப்பதும் அந்த டொக்டர் பார்வைதான்.

தரையில் விழுந்த உறுப்பு திரும்பக் கிடைக்காது என்பது உலகப் பொது விதி. ஒருநாள் ஸோர்ட்ஃபிஷின் ப்ரொபெல்லர் விழுந்தது. நானும் மாமாவும் டோர்ச் அடித்து முழங்காலில் தவழ்ந்தோம். கல் கிடைக்கும் சரளை மண்ணுக்கு எங்கள் பக்கத்தில் ‘இல்லம்’ என்று பெயர். அன்றைக்கு என் இல்லத்தையே இல்லம் மாதிரி கூட்டி, அள்ளி, கூடையில் அலசிப் பார்த்தார் மாமா. இரண்டு கமிசு பொத்தானும் ஒரு ரூபாய்க் குத்தியும் கிடைத்தன. “குழியிலயும் இப்படித்தான் தம்பி” என்றார்.

சரி, கேட்டலினாவுக்கு வருவோம். லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடாக்காரர் கேட்டலினா விமானியாக இலங்கையின் கொக்கல ஏரிக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. 1942 ஏப்ரல் 4, நாள் முழுக்கக் கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரம். தொடுவானத்தில் சில புள்ளிகள். நானாக இருந்தால் கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். மனுசன் கிட்டே போய்ப் பார்த்தார். புள்ளிகள் அத்தனையும் ஜப்பான் கப்பற்படை! செய்தியை ரேடியோவில் தட்டினார்கள், சுடப்பட்டுக் கடலில் விழுந்தார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் கைதிகளானார்கள். இலங்கையின் ரட்சகர் என்று பிறகு பட்டம் கொடுத்தார்கள். நாட்டைக் காப்பாற்றியவர் மூன்று வருசம் ஜப்பானியச் சிறையில் கிடந்தார்.

அவர் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன செய்தியை இங்கே எப்படிப் பயன்படுத்தினார்கள்? மறுநாள் காலை ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேலே வந்தபோது, ரத்மலானை விமானத் தளத்தில் நம்ம போர் விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. பரீட்சைத் தேதி முந்தின நாளே தெரிந்தும் பேனா தேடுகிற குணம் வெள்ளைக்காரனுக்கும் இருந்திருக்கிறது. நல்லவேளை, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலும் ஒரு ஓடுபாதை ஒளிந்திருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து எழும்பியவர்களை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ரேஸ் திடலில் தெரியாத குதிரைதான் எப்போதும் கவிழ்க்கும்.

அதே கொக்கல ஏரியிலிருந்து 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் கேட்டலினாக்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் வரை போய் வந்தன. சுமார் 28 முதல் 32 மணி நேரம், நிற்காமல். எரிபொருள் சுமையில் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. எதிரி கேட்டுவிடுவான் என்று ரேடியோவும் பேசாது, நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். ரகசியச் சங்கத்துக்கு பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிற சான்றிதழ்! மனுசன் எவ்வளவு பெரிய ஆபத்திலும் ஒரு சேர்ட்டிபிகேட்டை விடமாட்டான்.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1947 டிசம்பர் 10-ஆம் திகதி, எயார் சிலோனின் முதல் பயணம். ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸ். விமானம் டிசி-3. அதற்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: ‘சீதா தேவி’. இராவணன் ஆண்ட தீவிலிருந்து இந்தியாவுக்குப் போகிற நம்ம கம்பனியின் முதல் விமானத்துக்கு சீதை பெயர்! வைத்தவர் ராமாயணம் படித்தவரா, படிக்காதவரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். இந்த முறை யாரும் பாலம் கட்டவில்லை, டிக்கெட் வாங்கினார்கள்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் யாரும் அதில் ஏறவில்லை. அடுத்த வருசமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கியது. பிறகு இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது, என் பெரிய தாத்தா குடும்பம் தலைமன்னார்க் கப்பலில்தான் போனது. ஆறடி மனிதரை ஓர் அங்குலமாக்க எனக்கு மூன்று வாரம் பிடிக்கிறது. சட்டத்துக்கு ஒரு கையெழுத்து போதும்.

அதிகாரத்தால் ஒதுக்கப்பட்டவர் என்பதனாலேயே என் அடுத்த ஆளை எனக்குப் பிடிக்கும். போல்டன் போல் பாலியோல் என்ற பயிற்சி விமானம். 1948-இல் உலகிலேயே முதன்முதலாக ஒற்றை டர்போப்ரொப் எஞ்சினில் பறந்த பெருமை இதற்கு உண்டு. ஆனாலும் பிரிட்டிஷ் அதிகாரிகள் மனம் மாறி, வேண்டாம், பழைய மெர்லின் எஞ்சினையே போடு என்றார்கள். முதலிடம் வாங்கிய பிள்ளையை மறுபடி கீழ் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி. இந்த விமானத்தை உலகத்திலேயே வாங்கிய ஒரே வெளிநாடு எது? இலங்கை! ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. போனால் ஒரு வணக்கம் சொல்லுங்கள், அதற்கு விசாரிப்பவர் குறைவு.

அதே ரோயல் சிலோன் விமானப்படை 1950-களில் ஐந்து வாம்பயர் ஜெட்களையும் வாங்கியது. ஒன்றைக்கூடச் சேவையில் இறக்கவில்லை. வாங்கினதோடு சரி, பிறகு வேறு ஜெட் வாங்கிக்கொண்டார்கள். இதைப் படித்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். என் அலுமாரியில் பிரிக்காத கிட் பெட்டி பதினொன்று இருக்கிறது. வீட்டில் கேட்டால் சொல்ல இனி ஒரு பதில் இருக்கிறது: “அரசாங்கமே அப்படித்தான்.”

போன வாரம் கேட்டலினா முடிந்தது. மாமா வந்தார். இந்த முறை பறக்குமா என்று கேட்கவில்லை. சாரத்து மடிப்பிலிருந்து கல் பார்க்கும் லென்ஸை எடுத்தார், பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது. விமானத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நீலக் கல்லைப் பார்க்கிற மாதிரி மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“உள்ள ஒரு குறை இருக்கே தம்பி.”

இருந்தது. கண்ணாடிக் கூண்டின் உள்பக்கம், பசை விரலோடு நான் தொட்ட ரேகை. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

“குறை இருந்தாத்தான் அது அசல் கல்லு,” என்றார் மாமா, கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே. “சுத்தமா, பளிச்சுனு இருந்தா மெசின்ல காச்சினதான்னு சந்தேகப்படணும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டேஞ்சலிஸ், கப்ரோனி, நேரத்துக்குக் கிளம்பாத ரத்மலானை விமானிகள், ஏன் இராவணனுக்குமே சேர்த்து யாரோ நற்சாட்சி கொடுத்த மாதிரி இருந்தது. அந்த உற்சாகத்தில் விளையாட்டாகக் கேட்டேன்: “அப்ப இதுக்கு என்ன வெல போடுவீங்க மாமா?”

மாமா லென்ஸை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

“அதான் குறை இருக்கே. பாதி வெலதான்.”